ப்ரூன் அண்ட் க்ராஃப்ட்: டிரெக்டரி மரத்தில கிளை மாத்திற வேலைக்குத் தமிழில என்ன பேர்?

"அந்த ஓயூவை ப்ரூன் பண்ணி ஹெட் ஒஃபிஸுக்குக் கீழ க்ராஃப்ட் பண்ணி விடுங்கோ" எண்டு சேர்வர் றூமில நிண்டு ஒராள் சொன்னா, பக்கத்தில நிக்கிற கணக்குப் பகுதி ஆளுக்கு ஏதோ ரோசாச் செடி அலுவல் மாதிரித்தான் கேக்கும். சொல் தோட்டத்தில இருந்து வந்ததுதான், அலுவல்தான் வேற. நெட்வேர்க் டிரெக்டரிக்குள்ள மரம் மாதிரி அடுக்கி வச்சிருக்கிற யூசர், கொம்பியூட்டர், பிரிண்டர், குரூப் இதுகளில ஒரு கிளையை அப்பிடியே, கீழ தொங்கிற எல்லாத்தோடயும் சேர்த்துக் கழட்டி, அதே மரத்தில வேற ஒரு கொப்பில கொண்டுபோய்ப் பொருத்திறதுக்குத்தான் ப்ரூன் அண்ட் க்ராஃப்ட் எண்டு பேர். அழிச்சுப்போட்டுத் திருப்பிப் புதுசா எழுதிறது இல்லை, கொப்பி எடுக்கிறதும் இல்லை, இருக்கிற அதே உருப்படிதான் இடம் மாறுது.

டிரெக்டரி எண்ட சொல்லையும் ஒருக்காப் பாக்கவேணும், ஏனெண்டா தமிழில இதுக்கு எழுதி வச்சிருக்கிறதில பாதி குழப்பமாக் கிடக்கு. முந்தி கொம்பியூட்டரில போல்டருக்கும் டிரெக்டரி எண்டுதான் சொன்னது, அதை வச்சுக் "கோப்பகம்" எண்டு தமிழாக்கினது சரி, ஆனா பிறகு மைக்ரோசொஃப்டின்ர நெட்வேர்க் டிரெக்டரியான அக்டிவ் டிரெக்டரிக்கும் அதே சொல்லைத் தூக்கிப் போட்டா எப்பிடி, அதுக்குள்ள கோப்பே இல்லையே. இது டெலிபோன் டிரெக்டரியின்ர வாரிசு. 1988இல வந்த எக்ஸ்.500 எண்ட ஸ்டாண்டர்டை எழுதினதே தொலைபேசி, தந்தி விசயங்களுக்கு விதி வகுக்கிற சிசிஐடிடியும் ஐஎஸ்ஓவும் சேர்ந்துதான், ஆள் பேரைக் குடுத்தா விலாசமும் நம்பரும் வரவேணும் எண்டதுதான் அதின்ர அடிப்படை யோசனை. இலங்கையில அந்தத் தடிச்ச புத்தகத்துக்கு நாங்கள் சொன்னது தொலைபேசி விபரக்கொத்து. அந்த விபரக்கொத்து எண்ட சொல்லு இந்த இடத்துக்கு நல்லாப் பொருந்துது, கொத்து எண்டாலே கிளையில தொங்கிறதுதானே. "அடைவு" எண்டு எழுதுற ஆக்களும் இருக்கினம், பிழையில்லை, ஆனா எங்கட பள்ளிக்கூடங்களில பிள்ளையளின்ர அடைவு மட்டம் எண்டு அந்தச் சொல் வேற ஒரு கருத்தில ஓடித் திரியிறதால ஐடி டொக்கியுமெண்டில அதைக் காணேக்க ஒரு செக்கன் தடக்குப்படும்.

இப்ப மரத்துக்கு வருவம். ஒரு கம்பனிக்குக் கொள்ளுப்பிட்டியில தலைமைக் கந்தோர், வெள்ளவத்தையிலயும் கொட்டாஞ்சேனையிலயும் கிளைக் கந்தோர் இருக்கு எண்டு வையுங்கோ. டிரெக்டரியில ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெட்டி, அதைத்தான் ஓர்கனைசேஷனல் யூனிட், சுருக்கி ஓயூ எண்டுறது, அதுக்குள்ள அந்தந்த இடத்து ஆக்களும் மெஷின்களும். வெள்ளவத்தையில இருக்கிற ஒரு யூசரின்ர முழுப்பேர் "சிஎன்=காசாளர்2, ஓயூ=வெள்ளவத்தை, ஓயூ=கிளைகள், டிசி=கம்பனி, டிசி=லொக்கல்" எண்ட மாதிரி நீளும் (சிஎன் உருப்படியின்ர பேர், டிசி வேர்ப்பேரின்ர துண்டு), நுனியில இருந்து வேர் வரைக்கும் வழி முழுக்கப் பேரிலயே இருக்கு. இதுக்கு டிஸ்டிங்குவிஷ்ட் நேம், சுருக்கி டிஎன். கம்பனி கணக்குப்பாத்து வெள்ளவத்தைக் கிளையைக் கொட்டாஞ்சேனையோட சேர்க்கிறம் எண்டு முடிவெடுத்தா, ஐடி ஆக்கள் வெள்ளவத்தைப் பெட்டியைத் தூக்கிக் கொட்டாஞ்சேனைப் பெட்டிக்குள்ள வைக்கவேணும். வச்ச அந்த நிமிசமே உள்ளுக்க இருக்கிற எல்லாற்ற டிஎன்னும் மாறீடும்.

ஆனா ஆள் மாறுறேல்லை. இந்தச் சொல்லில நான் ரசிக்கிற இடம் இதுதான். அக்டிவ் டிரெக்டரியில ஒவ்வொரு ஒப்ஜெக்டுக்கும் பிறக்கேக்கயே ஒரு ஜியூஐடி நம்பர் விழும், அது எந்தக் கொப்புக்குப் போனாலும் அதே நம்பர். யூசருக்கு எஸ்ஐடி எண்டு இன்னொரு நம்பரும் இருக்கு, ஃபைல் சேர்வரில ஆர் எதைத் திறக்கலாம் எண்டு எழுதியிருக்கிறது அந்த நம்பரை வச்சுத்தான், ஒரே டொமைனுக்குள்ள (ஒரே வேர்ப்பேருக்குக் கீழ இருக்கிற மரம்) நகர்த்தினா அதுவும் மாறாது, பாஸ்வேர்ட் மாறாது, குரூப் மெம்பர்ஷிப்பும் அப்பிடியே கூடவரும். மாறுறது மேல இருந்து வாறதுகள்: பழைய கொப்பில கட்டியிருந்த குரூப் பொலிசி (அங்க இருக்கிற ஆக்களுக்கும் மெஷின்களுக்குமான விதிகள்) கழண்டு புதுக் கொப்பின்ர பொலிசி ஏறும், மேல இருந்து இறங்கி வந்த பெர்மிஷனும் புது இடத்துக்கு ஏத்தமாதிரி மாறும், நேரா அந்த ஒப்ஜெக்டிலயே எழுதிவச்ச பெர்மிஷன் மட்டும் நிண்டுடும். ஒட்டுமாங்கண்டும் இதே கதைதான். கறுத்தக்கொழும்பான் குச்சியை எந்த நாட்டு மாவில ஒட்டினாலும் காய்க்கிறது கறுத்தக்கொழும்பான்தான், தண்ணியும் சத்தும் மட்டும் புது வேரில இருந்து வரும். (பேரில கொழும்பை வச்சுக்கொண்டு யாழ்ப்பாணத்தில காய்க்கிற பழம் அது, இடம் மாறினாலும் பேர் மாறாததுக்கு இதைவிட நல்ல ஆதாரம் வேணுமோ தெரியேல்லை.)

சொல்லின்ர பிறப்பு. க்ராஃப்டின்ர வேரைத் தோண்டினா மாமரம் வராது, எழுத்தாணிதான் வரும்! கிரேக்கத்தில எழுதிறதுக்கு க்ராஃபெய்ன், அதில இருந்து எழுத்தாணிக்கு ஒரு பேர், அது லத்தீனில க்ராஃபியம், பிறகு பழைய பிரெஞ்சு வழியா ஆங்கிலத்துக்கு வந்தது, ஒட்டுறதுக்கெண்டு கூராச் சீவின குச்சி எழுத்தாணி மாதிரி இருந்ததால அந்தப் பேர். ஏட்டில எழுத்தாணியால கீறின பரம்பரை எங்கடையும்தான், ஆனா நாங்கள் ஒட்டுக்கு வடிவத்தைப் பாத்துப் பேர் வைக்கேல்லை, செய்யிற வேலையைப் பாத்துத்தான் வச்சம். ப்ரூன் பழைய பிரெஞ்சில இருந்து வந்த வெட்டிற சொல், கடையில டப்பாவில விக்கிற காஞ்ச பிளம்ஸ் ப்ரூனோட இதுக்கு ஒரு உறவும் இல்லை. ஆங்கிலத்தில க்ராஃப்டுக்கு லஞ்சம், ஊழல் எண்ட கருத்தும் அமெரிக்கப் பேச்சால வந்து ஒட்டியிருக்கு, அதால மெஷினிட்ட மொழிபெயர்க்கக் குடுக்கிற ஆக்கள் விடையை ஒருக்கா வாசிச்சுப்போட்டு அனுப்பிறது நல்லம்.

நெட்வேர்க்குக்குள்ள இந்த வேலை முதல்ல இருந்தே சுலபமா இருக்கேல்லை. டிரெக்டரியோட பேசுறதுக்கான எல்டாப் எண்ட புரோட்டோகோலின்ர ரெண்டாம் பதிப்பில ஒப்ஜெக்டின்ர நுனிப்பேரை மாத்தலாம், தாய்க்கொப்பை மாத்தேலாது. 1997இல வந்த மூண்டாம் பதிப்பிலதான் "நியூ சுப்பீரியர்" எண்டு ஒரு பகுதி சேர்த்து, இனி இதுக்கு மேல் ஆள் இன்னார் எண்டு சொல்ல வழி வந்தது. அதுக்கு முன்னமே நொவெல் கம்பனி 1993இல நெட்வேர் 4ஓட என்டிஎஸ் டிரெக்டரியைக் கொண்டுவந்திட்டுது, அதில ஒரு கிளையை நகர்த்திறதெண்டா முதல்ல அதைத் தனிப் பார்ட்டிஷனாப் பிரிக்கவேணும், பிரிச்சாத்தான் கழட்டலாம், மரத்தில கத்தி வைக்க முதல் கணு பாக்கிற மாதிரி. ஓபன்எல்டாப் எண்ட டிரெக்டரி மென்பொருளிலயும், தரவைச் சேமிக்கிற பழைய பிடிபி பேக்எண்டில கீழ ஆக்கள் இருக்கிற கிளையைத் தூக்கேலாது, எச்டிபி வந்தாப் பிறகுதான் ஏலுமாச்சு, இப்ப எம்டிபியில பிரச்சினை இல்லை. ஆனா அங்க குரூப்புக்குள்ள எழுதியிருக்கிற பழைய டிஎன் தானா மாறாது, அதுக்கு ரெஃபின்ட் எண்ட ஓவர்லேயை (மேலதிகத் துணைப்பகுதி) போட்டிருக்கவேணும், போடாட்டி ஆள் புது வீட்டில, பேர் பழைய வீட்டு வாக்காளர் இடாப்பில.

அக்டிவ் டிரெக்டரியில எலியால இழுத்து விட்டாப் போதும் எண்டு சொல்லுவினம், இழுத்துப் பாத்தா முதல்ல ஒரு எச்சரிக்கைப் பெட்டி வரும், ஓம் எண்டா பிறகு "அக்ஸஸ் இஸ் டினைட்" எண்டு வந்து நிக்கும், அட்மினா இருந்தும் நிக்கும். விண்டோஸ் சேர்வர் 2008இல இருந்து புதுசா உண்டாக்கிற ஓயூவுக்குத் தவறுதலா அழியாமக் காக்கிற ஒரு டிக் போட்டே வருது, நகர்த்திறதும் பழைய இடத்தைப் பொறுத்தவரை அழிக்கிற உரிமை வேணுமான வேலை, அதால அது தடுக்குது. வியூ மெனுவில அட்வான்ஸ்ட் ஃபீச்சர்ஸைத் திறந்தாத்தான் ப்ரொப்பர்டீஸில ஒப்ஜெக்ட் எண்ட டாபே கண்ணுக்குத் தெரியும், அதில டிக்கை எடுத்து, நகர்த்தி, திருப்பிப் போடவேணும். திருப்பிப் போடுறதைத்தான் ஆக்கள் மறக்கிறது. அதோட, டிஎன்னை எழுத்துக்கெழுத்து நம்பியிருக்கிற சாமான்கள் எங்கயாவது ஒளிச்சிருக்கும், ஸ்கேன் பண்ணி மெயில் அனுப்பிற ஃபோட்டோகொப்பி மெஷினின்ர விலாசப் புத்தகம் பழைய கொப்பைத்தான் தேடிக்கொண்டிருக்கும், அடுத்த நாள் காலமை "மெஷினில ஒருத்தற்ற பேரும் இல்லை" எண்டு கோல் வரும்.

இன்னொண்டு, இங்க ஒரு சேர்வரில நீங்கள் யூசரைக் கொட்டாஞ்சேனைப் பெட்டிக்குள்ள வைக்கிறீங்கள், அதே நேரம் வேற சேர்வரில இன்னொராள் கொட்டாஞ்சேனைப் பெட்டியையே அழிச்சிட்டார் எண்டு வையுங்கோ. சேர்வர்கள் மாற்றங்களைப் பரிமாறுற றெப்ளிகேஷன் நடந்து ரெண்டு பக்கமும் சந்திக்கேக்க யூசருக்குப் போக இடமில்லை, அதுக்கெண்டே லொஸ்ட் அண்ட் ஃபவுண்ட் எண்டு ஒரு பெட்டி டொமைனில இருக்கு, அங்க போய் விழும். ஒட்டப்போன கொப்பே இல்லாமப் போன குச்சி.

டொமைன் மாறினா அலுவல் கூடுது. ஒரே ஃபொரெஸ்டுக்குள்ள (சேர்ந்திருக்கிற டொமைன்களின்ர கூட்டம்) ஒரு டொமைனில இருந்து மற்றதுக்குப் போனா ஜியூஐடி அப்பிடியே, எஸ்ஐடி புதுசு, பழைய எஸ்ஐடி "சிட் ஹிஸ்டரி"க்குள்ள போய் இருக்கும், பழைய ஃபைலுகள் திறபடுறது அதாலதான். ஃபொரெஸ்ட் விட்டு ஃபொரெஸ்ட் எண்டா அது க்ராஃப்டே இல்லை, புது ஜியூஐடியோட புது ஒப்ஜெக்ட், பழசு பழைய இடத்திலயே இருக்கும். ரெண்டு கம்பனி சேரேக்க மேலிடம் "ரெண்டு டிரெக்டரியையும் ஒண்டா ஒட்டுங்கோவன்" எண்டு லேசாச் சொல்லும், நொவெலில டிஎஸ்மேர்ஜ் எண்டு அதுக்கு ஒரு கருவியே இருந்தது, மைக்ரோசொஃப்டில ரெண்டு ஃபொரெஸ்டை ஒண்டாக்கிற வழி இண்டுவரைக்கும் இல்லை. 2003 சேர்வரில இருந்து டொமைன் பேரை மாத்தி ஃபொரெஸ்டுக்குள்ள இடம் மாத்தலாம், அதிலயும் வேர் டொமைனை அசைக்கேலாது.

சரி, தமிழ். "வெட்டி ஒட்டு" எண்டுதான் முதல்ல நாக்கில வரும், ஆனா அது கட் பேஸ்டுக்கு எப்பவோ போயிட்டுது, பசை பூசி ஒட்டுறதும் மரம் ஒட்டுறதும் தமிழில ஒரே சொல்லாப் போனதால வந்த வினை. மலையகத்தில ப்ரூனிங்குக்கு அருமையான சொல் ஒண்டு இருக்கு, கவ்வாத்து, கவ்வாத்துக் கத்தி, கவ்வாத்து மலை எண்டு தேயிலையோடயே வளந்த சொல். எனக்கு அதைக் கொண்டுவர ஆசைதான், ஆனா கவ்வாத்தில கவனம் எல்லாம் நிண்டுபோற செடியில, வெட்டினது கழிவு. டிரெக்டரியில வெட்டின கிளைதான் சாமான், அதைக் காப்பாத்தத்தான் இவ்வளவும். கத்தரித்தலுக்கும் இதே குறைதான். மெஷின் லேர்னிங்கில டிசிஷன் ட்ரீயை ப்ரூன் பண்ணுறதுக்குக் கவ்வாத்து எண்டு தாராளமாச் சொல்லலாம், அங்க வெட்டினதைத் தூக்கி எறியிறதுதான்.

அதால நான் எழுதிறது "கிளைபெயர்த்து ஒட்டல்", வினையா வந்தா "கிளையைப் பெயர்த்து ஒட்டுக்கட்டு". பெயர்த்தலில வேரோடயும் மண்ணோடயும் சேதமில்லாம எடுக்கிற கருத்து இருக்கு, ஒட்டுக்கட்டு எண்டா பசை நினைவுக்கு வராது. கிளை எண்ட சொல்லுக்குப் பழைய தமிழில சுற்றம், உறவு எண்டும் கருத்து, கீழ இருக்கிற எல்லாரையும் கூட்டிக்கொண்டு போறதை அந்த ஒரு சொல்லே சொல்லிடும், பாங்குக் கிளை, கந்தோர்க் கிளை எண்டு நாங்கள் தினமும் சொல்லுறதும் இங்க இடைஞ்சல் இல்லாமச் சேருது. ஒட்டுமுளை நகர்த்திற கிளைக்கு, ஒட்டுக்கட்டை புதுத் தாய்க்கொப்புக்கு, விவசாயப் பாடம் படிச்ச பிள்ளைக்கு விளக்கமே தேவையில்லை. பரிணாம மரம் வரையிற உயிரியல் ஆக்களும் கிளையை வெட்டி வேற இடத்தில ஒட்டிப் பாக்கிற ஒரு முறை வச்சிருக்கினம், அவையும் இதையே எடுத்துக்கொள்ளலாம்.

ஒப்ஜெக்டுக்குப் "பொருள்" எண்டு போடாதேங்கோ, "பொருளின் பெயரின் பொருள்" எண்டு வசனம் வந்து மாட்டும், உருப்படி எண்டா உருப்படியா இருக்கும். டொமைனுக்கு ஆள்களம் ஏற்கெனவே புழக்கத்தில இருக்கு, ஃபொரெஸ்டுக்குக் காடு போதும், வனம் எண்டு அழகாக்கத் தேவையில்லை.

கடைசியா ஒரு சிக்கல், அக்டிவ் டிரெக்டரியில ப்ரூன் தனியாவும் வரும், பிரிண்டர் ப்ரூனர் எண்டு ஒண்டு, டிரெக்டரியை வச்சிருக்கிற சேர்வரான டொமைன் கொன்ட்ரோலரில ஓடுது. டிரெக்டரியில பதிஞ்சிருக்கிற பிரிண்டர்கள் இருக்கோ எண்டு வழமையா எட்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காத் தட்டிப் பாக்கும், திரும்பத் திரும்பத் தட்டியும் பதில் இல்லாட்டி உருப்படியை அழிச்சுப்போடும், லைன் அறுந்துபோன கிளைக் கந்தோரின்ர பிரிண்டர் எல்லாம் லிஸ்டில காணாமப் போறது இதாலதான், பிரிண்ட் சேர்வர் திரும்பி வந்தாத் தானே மறுபடி பதிஞ்சுகொள்ளும். இங்க ஒட்டும் இல்லை, பெயர்ப்பும் இல்லை. இதுக்குக் களையெடுப்பு எண்டு எழுதினாச் சரி.