தடுப்பது பழைய கல் அல்ல

“ஆயிரம் வருடத்துக் கட்டடம் சார், இதில் போய் நாம் என்ன செய்ய முடியும்?”

தொன்மையான இடங்களுக்கு எல்லோரும் வந்துபோக முடிகிறதா என்று அளந்து சொல்வது என் தொழில். போகும் இடமெல்லாம் இந்தக் கேள்விதான் முதலில் வரும். நான் பதில் சொல்வதில்லை. டேப்பையும் ரசமட்டத்தையும் எடுத்துக்கொண்டு, கேட்டவரையே சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, சாலையோரத்திலிருந்து தள்ளத் தொடங்குவேன்.

அப்படி உட்கார்ந்த ஓர் அதிகாரி பத்தாவது மீட்டரிலேயே நின்றுவிட்டார். மோட்டார் சைக்கிள் நுழையாமலிருக்க வாசலில் இரும்புக் குழாய்களை நட்டிருந்தார்கள். இடைவெளி 60 சென்டிமீட்டர். நாற்காலி தாராளமாகப் போக 90 வேண்டும். குழாயைச் சுற்றிக்கொண்டு போனால் டிக்கெட் கவுன்டரின் ஜன்னல் அவர் தலைக்கு மேலே. அதைக் கடந்தால் அழகுக்காகக் கொட்டிய ஜல்லிப் பாதை, முன்சக்கரங்கள் புதைந்துவிட்டன. தகவல் பலகையோ பளபளக்கும் கருங்கல். வெயிலில் எழுத்து தெரியாது, நம் முகம்தான் தெரியும். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை பூட்டிக் கிடந்தது. திறக்கச் சொன்னபோது உள்ளே துடைப்பங்களும் பழைய பேனர்களும் இருந்தன. மூலக் கட்டடத்தின் முதல் படியை நாங்கள் இன்னும் எட்டவே இல்லை. அதற்குள் குறிப்பேட்டில் ஒன்பது தடைகள். ஒன்றைக்கூடப் பல்லவரோ சோழரோ வைக்கவில்லை.

முதல் படிக்கு வந்த பிறகு கணக்கு வேறு. சாய்தளத்தின் விகிதம் 1:12. ஒரு சென்டிமீட்டர் உயர்வுக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம். வாசற்கல் 15 சென்டிமீட்டர் என்றால் 1.8 மீட்டர் போதும். 45 என்றால் 5.4 மீட்டர் வேண்டும். இடமில்லை என்று மூன்றடியில் முடித்துவிடுகிறார்கள். அதைச் சறுக்குமரம் என்று சொல்லலாம், சாய்தளம் என்று சொல்ல முடியாது. பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியின்றி எதையும் மாற்றக் கூடாது. அது சரியான விதியும்கூட. ஆனால் கல்லில் ஓர் ஓட்டைகூடப் போடாமல், ரப்பர் விரிப்பின் மேல் மரச் சாய்தளத்தை வைத்து, வேண்டும்போது தூக்கிவிடலாம். ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றில் 2020இல் புதிய லிஃப்ட் வந்தது. அதையொட்டிப் போட்ட கான்கிரீட் பாதைகள் பெரிய சர்ச்சையாயின. லிஃப்ட் வேண்டும் என்பதே என் கட்சி. கான்கிரீட்டைப் பற்றித் திட்டியவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

வழிபாடு நடக்கும் கோயில்களில் இன்னொரு சிக்கல். தெருவில் உருண்ட சக்கரம் பிராகாரத்துக்குள் வரலாமா என்பார்கள். வாதாடிப் பயனில்லை. கோயிலுக்கென்றே இரண்டு நாற்காலிகளைச் செருப்பு வைக்கும் இடத்தருகே நிறுத்திவிட்டால் வாதம் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் சொந்த நாற்காலி உடம்புக்கேற்ப அமைந்தது என்பதால் சிலரால் மாறி உட்கார முடியாது. அவர்களுக்குச் சக்கரத்தைத் துடைக்க ஒரு வாளித் தண்ணீரும் துணியும் போதும். வெயில் நேரத்தில் கல்தரையில் விரிக்கும் தேங்காய் நார் விரிப்பு பாதத்துக்கு இதம், நாற்காலிக்கு எமன். நெருக்கமாக நெய்த தட்டையான விரிப்பே இரண்டுக்கும் ஆகும். இதெல்லாம் யாரோ சிலருக்காக அல்ல: 2011 கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். மூட்டு வலியோடு மூன்றாம் பிராகாரத்திலேயே உட்கார்ந்துவிடும் அம்மாக்களை எந்தப் பட்டியலும் கணக்கில் எடுப்பதில்லை.

பார்வையற்ற நண்பர் ஒருவர், பள்ளி ஆசிரியர். அவருடன் மாமல்லபுரம் போனது என் தொழிலுக்கே ஒரு பாடம். அர்ச்சுனன் தபசின் முன்னால் நின்று பத்து நிமிடம் வர்ணித்தேன். யானைகள், நாகர்கள், ஒற்றைக்காலில் நிற்கும் தவசி, அவரைப் போலவே முன்கால்களைத் தூக்கி நிற்கும் பூனை. பிறகு வார்த்தை தீர்ந்துவிட்டது. “பூனையின் பக்கத்தில் எலிகள் இருக்கின்றன என்றீர்களே, அவை பயந்து ஓடுகின்றனவா?” என்று கேட்டார். எத்தனையோ முறை வந்திருக்கிறேன். உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. கம்பிவேலியை ஒட்டி நின்று மறுபடி பார்த்துவிட்டு, ஓடவில்லை என்றேன்.

பிறகு தெருவோரச் சிற்பப் பட்டறை ஒன்றுக்குப் போனோம். சிற்பி உளியைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துப் பாதி முடிந்த நந்தியின் மேல் வைத்தார். “நன்றாகத் தடவிப் பாருங்கள் சார், ஒன்றும் ஆகாது.” அங்கே நாற்பது நிமிடம் ஆயிற்று. திமில் எங்கே முடிகிறது, உளி எந்தப் பக்கமாகப் போகிறது என்று இருவரும் பேசிக்கொண்டேயிருந்தார்கள். நான் டீ குடித்துவிட்டு வந்தேன்.

மூலச் சிற்பத்தை எல்லோரும் தடவ விட முடியாது. கை எண்ணெயும் வியர்வையும் கல்லுக்கு நல்லதல்ல. ஆனால் 1957 முதல் சிற்பக் கல்லூரி இருக்கிற ஊர் இது. பூனையையும் எலிகளையும் தனியே ஒரு பலகைக் கல்லில் செதுக்கி, இடுப்புயரத்தில் சாய்வாக வைப்பது அவர்களுக்குப் பெரிய வேலையா? பாறை முழுவதையும் சுருக்கிச் செய்வதில்தான் தவறு நேரும். கண் ஒரே பார்வையில் அள்ளுவதை விரல் ஒவ்வொன்றாகத்தான் சேர்க்கும். நூறு உருவங்களை ஒரு முழத்துக்குள் அடைத்தால் விரலுக்கு வெறும் கரடுமுரடுதான். டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் தொட்டு உணரும் கூடம் 2015இலேயே வந்துவிட்டது.

காது கேளாதோருக்கு ஒலி வழிகாட்டியால் பயனில்லை என்பது சொல்லாமலே விளங்கும். சைகை மொழி வீடியோ இல்லாவிட்டாலும், சிறு சிறு வாக்கியங்களில் எழுதிய ஒரு தாள் இருக்கலாம்.

இதெல்லாம் சலுகை என்ற நினைப்பில்தான் பல கூட்டங்கள் தொடங்குகின்றன. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு பண்பாட்டு வாழ்க்கையில் பங்குபெறுவதை உரிமையாகவே சொல்கிறது. பொது இடங்களை மாற்றுத்திறனாளிகள் அணுக வழிசெய்யும், கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய விதிகளை வகுக்குமாறு 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. கூட்டத்துக்குப் போகும்போது தீர்ப்பின் நகலையும் பையில் வைத்துக்கொள்கிறேன். டேப் அளவுக்கு அது பயன்படுவதில்லை.

அந்த அதிகாரி சொன்னபடி செய்தார். ஆறு மாதம் கழித்துப் போனபோது குழாய்களின் இடைவெளி அகலமாகியிருந்தது, ஜல்லிப் பாதையில் ஒரு பகுதி கெட்டித்தரையாகியிருந்தது. கழிப்பறையில் துடைப்பங்கள் இல்லை, கைப்பிடிகூடப் பொருத்தியிருந்தார்கள். கதவு மட்டும் பூட்டியிருந்தது. சாவி காவலாளியிடம் இருந்தது. அவர் சாப்பிடப் போயிருந்தார்.