சக்கரம் தொங்கும்போது போல்ட்டை முறுக்காதீர்கள்

"என்ன அண்ணாச்சி, புஷ் மாத்தி மூணு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள கிழிஞ்சிட்டு. கடையில டூப்ளிகேட்ட தலையில கட்டிட்டாங்க போல."

லோயர் ஆர்ம் புஷ்ஷை (காரின் முன்சக்கரத்தை அடிப்பாகத்தோடு இணைக்கும் இரும்புக் கையின் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை) வீட்டிலேயே மாற்றியவர்கள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திச் சொல்லும் முதல் வார்த்தை இதுதான். இந்த மாதமும் அப்படி ஒரு வண்டி. கழற்றிப் பார்த்தால் நல்ல கம்பெனி புஷ்தான். நடுவில் இருக்கும் இரும்புக் குழாயை ஒட்டி ரப்பர் அரைவட்டமாகப் பிய்ந்து, ஒரே பக்கமாக முறுக்கேறி நின்றது. புது புஷ் இந்த மாதிரி கிழிந்திருந்தால் கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் மாட்டிய விதத்தைப் பாருங்கள். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழு இறுக்கம் இறுக்கியிருப்பார்கள்.

புஷ்ஷைப் பலர் கதவுக் கீல் மாதிரி நினைக்கிறார்கள். கீல் உரசிக்கொண்டு சுழலும், அதனால் எந்த நிலையில் இறுக்கினாலும் ஒன்றுதான். புஷ் சுழலாது. வெளியே ஓர் இரும்பு வளையம், உள்ளே ஓர் இரும்புக் குழாய், இரண்டோடும் சேர்த்து வேகவைத்து ஒட்டிய ரப்பர் நடுவில். போல்ட்டை இறுக்கியதும் உள் குழாய் பிராக்கெட்டோடு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், இம்மியும் நகராது. அதன்பிறகு ஆர்ம் மேலும் கீழும் போவதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொடுக்கும் அளவுக்குத்தான். இறுக்கிய நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் அந்தத் தொங்கல் நிலை ஓய்வு நிலையாகிவிடும். வண்டியைக் கீழே இறக்கியதும் ஆர்ம் மேலே ஏற, ஷெட்டில் சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. அந்த முறுக்கோடு அம்பாசமுத்திரம் ரோட்டில் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஏறி இறங்கினால் அது எத்தனை நாள் தாங்கும்?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கழற்றுவதற்கு முன், வண்டி சமதரையில் நிற்கும்போது, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேல் உள்ள தகடு) விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். 35 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். புது ஆர்மை மாட்டும்போது போல்ட்டுகளைக் கையால் திருகி, ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். பிறகு வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டை அப்படியே விட்டுவிட்டு, இன்னொரு ஜாக்கியை ஆர்மின் வெளிமுனையில், பால் ஜாயிண்டுக்கு (ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டு) கீழே கொடுத்து மெதுவாக உயர்த்துங்கள். ஹப்பின் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) நடுவிலிருந்து ஃபெண்டர் வரை அதே 35 செ.மீ. வந்ததும் நிறுத்தி, டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் வண்டிக் கணக்கு உங்கள் வண்டிக்கு ஆகாது.

மாருதி 800 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதன் உற்பத்தி 2014 ஜனவரியோடு நின்றது, ஆகவே ஓடிக்கொண்டிருப்பவை எல்லாமே வயதான வண்டிகள். அதில் இடது வலது ஆர்ம்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் என்ற இரும்புக் கம்பிதான் ஆர்மை முன்பின் போகாமல் பிடித்து வைத்திருக்கிறது. அதன் புஷ் தேய்ந்தால் பிரேக் போடும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் தூக்கிக்கொண்டு அந்தப் பாரைக் கழற்ற மல்லுக்கட்டாதீர்கள். பார் முறுக்கேறி இருக்கும், நட்டை எடுத்ததும் துள்ளும். முன்பக்கம் இரண்டு சக்கரமும் ஒரே உயரத்தில் இருந்தால் அது சாதுவாக வெளியே வரும்.

மழைக்காலத்துக்கு முன்பு வாட்டர் சர்வீஸில் அடிப்பாகம் முழுக்க டீசலும் பழைய ஆயிலும் கலந்து பீய்ச்சி அடிக்கச் சொல்லும் வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். துரு பிடிக்காது என்று நம்பிச் செய்கிறீர்கள். அந்த எண்ணெய் ரப்பரை ஊதவைத்து இட்லி மாவு போல மென்மையாக்கிவிடும். சத்தம் வருகிறது என்று புஷ்ஷில் கிரீஸ் வைப்பதும் அதே தப்புதான். புஷ் ஏற மறுத்தால் சோப்புத் தண்ணீர் போதும். அதையும் சுத்தியலால் அடித்து ஏற்றாமல், பிரஸ் இருக்கும் லேத்தில் கொடுங்கள். பழைய புஷ்ஷின் ரப்பரில் இடைவெளி விட்டிருந்தால் அது எந்தத் திசையைப் பார்த்து இருந்தது என்று ஆர்மில் மார்க்கரால் கோடு போட்டுக் கொடுங்கள். திசை மாறினால் வேலை வீண்.

எது தேய்ந்திருக்கிறது என்று தெரியாமல் எதையும் வாங்காதீர்கள். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் டை ராட் எண்ட் அல்லது ராக் எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டுகள்). ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது மட்டும் 'கட கட' என்றால் அது ஆக்சில் ஜாயிண்ட், சஸ்பென்ஷன் அல்ல.

பால் ஜாயிண்டின் ரப்பர் மூடி கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். திசையன்விளை, குட்டம் பக்கம் ஓடும் வண்டிகளில் அந்தக் கிழிசல் வழியாகத் தேரி மணல் (அந்தப் பக்கத்துச் செம்மணல்) உள்ளே போய், கிரீஸோடு சேர்ந்து உப்புத்தாள் மாதிரி அராவும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் மூடி நன்றாக இருந்தாலும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். தேய்ந்த பால் ஜாயிண்டைத் தட்டி இறுக்கித் தருகிறேன், வெல்டு வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு நகருங்கள். ஓடும்போது அது கழன்றால் சக்கரம் வெளிப்பக்கமாக மடிந்துவிடும். நாங்குநேரி, வள்ளியூர் நான்குவழிச் சாலை வேகத்தில் அப்படி நடந்தால் ஸ்டியரிங் கையில் இருந்தும் பயனில்லை.

மாருதியின் சிறிய வண்டிகள் பலவற்றில் பால் ஜாயிண்டை நக்கிளோடு (சக்கரத்தின் ஹப்பைத் தாங்கும் இரும்புப் பாகம்) பிடித்திருப்பது குறுக்கே போகும் ஒரு போல்ட். அதைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுக்க உருவ வேண்டும். ஜாயிண்டின் தண்டில் உள்ள பள்ளத்தில் அந்தப் போல்ட் உட்கார்ந்திருக்கும். இது தெரியாமல் அடி அடி என்று அடித்து நக்கிளையே உடைத்தவர்கள் உண்டு. ஸ்பிளிட் பின் (நட் கழலாமல் துளையில் செருகி வளைக்கும் ஊசி) போடும் வகையாக இருந்தால், துளை நேராக வராதபோது நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்குங்கள், ஒருபோதும் தளர்த்தி நேராக்காதீர்கள். பழைய பின்னையும் ஆணியையும் வளைத்துச் செருகாதீர்கள். உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர் வண்டி என்றால் முந்தின நாள் இரவே போல்ட்டுகளில் துரு நீக்கும் ஆயில் விட்டு ஊறவையுங்கள்.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு ஸ்டாண்ட் வேண்டும். ஹாலோ பிளாக்கை முட்டுக்கொடுக்கவே கூடாது. அது ஒரே நொடியில் பொடிந்துவிடும். மழை பெய்து ஊறிய முற்றத்தில் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தடித்த பலகை வையுங்கள், பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் கொடுங்கள், கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் தள்ளி வையுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அந்த நேரத்தில் உள்ளே அனுப்பிவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) உச்சியில் நடுவில் இருக்கும் பெரிய நட்டை வீட்டில் தொடவே வேண்டாம். அதற்கடியில் பெரும் விசையோடு ஸ்பிரிங் அமுங்கி உட்கார்ந்திருக்கிறது. கயிறு, கம்பி கட்டிக் கழற்றுவது உயிரோடு விளையாடுவது. ஸ்ட்ரட்டை முழுசாக இறக்கிக் கொண்டுவாருங்கள், ஸ்பிரிங் கம்ப்ரஸரில் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி) வைத்துக் கழற்றித் தருவது சிறிய வேலைதான். இறக்கும்போது நக்கிளை வெளியே தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள், பிரேக் ஹோஸ் இழுபடும், ஆக்சில் உள்ஜாயிண்டிலிருந்து உருவிவிடும்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். அலைன்மென்ட் செய்யும் கடை வரை மெதுவாக ஓட்டிப் போய் டோ (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) சரிபார்த்துவிடுங்கள், ஒரு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்று தள்ளினால் டயர் ஒரு பக்கம் தேயத் தொடங்கிவிடும். 100 கிலோமீட்டர் ஓடியபின் குனிந்து பாருங்கள். கோடு ஒடிந்து நின்றால் அந்தப் போல்ட் நகர்ந்திருக்கிறது. மறுபடி அளந்து, அதே உயரத்தில் வைத்து, இறுக்குங்கள்.