சித்திரைக் கனிக்கு முந்தைய மாலை பெய்த மழை

சித்திரைக் கனிக்கு முதல் நாள் மாலை பெய்த ஒரு மழையைப் பற்றி என் அம்மாயி பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் விடியலில் கண் விழிப்பதற்காகத் தாம்பாளத்தில் மாவும் பலாவும் வாழையும் கண்ணாடியும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாராம். ஓட்டின் மேல் கல் விழுவதுபோல் பெரும் துளிகள் விழத் தொடங்கின. வாசலில் காயப்போட்டிருந்த மிளகாயை அள்ளுவதற்குள் பாதி நனைந்துவிட்டது. பின்னாளில் அந்த ஆண்டின் மழைப் பதிவேட்டைப் பார்க்க எனக்கு வாய்த்தது. ஏப்ரல் 13க்கு நேரே 0.0 என்று இருந்தது. மழை 14ஆம் தேதியில் இருந்தது. ஒரு நாள் தப்பிவிட்டது என்று அவரிடம் சொன்னேன். "கனி வைத்த நாள் எனக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

அவர் சொன்னதும் சரி, பதிவேடும் சரி. மழைக்கணக்கில் ஒரு நாள் என்பது நள்ளிரவில் தொடங்குவதில்லை. காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. முடிகிற நாளின் தேதியில்தான் மழை எழுதப்படுகிறது. ஆகவே 13ஆம் தேதி மாலை கொட்டிய மழை 14ஆம் தேதிக் கணக்கில் ஏறும். 8.30 என்ற நேரத்துக்கும் காரணம் இருக்கிறது. கிரீன்விச் நேரத்தில் அது அதிகாலை 3 மணி. உலகம் முழுவதும் நிலையங்கள் ஒரே கணத்தில் வானத்தைப் பார்த்தால்தான் அந்த எண்களை ஒரே வரைபடத்தில் வைக்க முடியும்.

தாலுகா அலுவலக வளாகங்களில் கம்பிவேலிக்குள் நிற்கும் மழைமானியைப் பலர் பார்த்திருப்பார்கள். மேலே புனல், உள்ளே ஒரு குப்பி, அவ்வளவுதான். புனலின் வாய்ப்பரப்பு 200 சதுர செ.மீ. என்றால், 20 மில்லி லிட்டர் தண்ணீர் சேர்ந்தால் 1 மி.மீ. மழை. குப்பியில் இருப்பதை அளவுக் குவளையில் ஊற்றி, நீர்மட்டத்துக்கு நேராகக் கண்ணைக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஓர் எண், கீழிருந்து பார்த்தால் வேறோர் எண். மானாவாரிக் காட்டுக்காரர்கள் இதையே "ஓர் உழவு மழை" என்று ஈரம் இறங்கிய ஆழத்தைப் பார்த்துச் சொல்வார்கள். வால்பாறைப் பக்கத்து எஸ்டேட்களின் பழைய ஆட்களுக்கு இஞ்சும் சென்ட்டும்தான் கணக்கு. நூறு சென்ட் ஓர் இஞ்சு. ஓர் இஞ்சு மழை என்பது ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டருக்கும் மேல். சித்திரைப் புழுதியைப் பத்தரை மாற்றுத் தங்கம் என்று சொன்னவர்கள், அந்தத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்குவதற்காகத்தான் உழுதுவைத்தார்கள்.

வெப்பம் அளப்பது இதைவிட நுட்பமான வேலை. "வெயில் எத்தனை டிகிரி" என்று நாம் கேட்கிறோம். இந்த டிகிரிக்காக வானிலைக்காரர்கள் வெயிலை அளப்பதே இல்லை. நிழலில் இருக்கும் காற்றைத்தான் அளக்கிறார்கள். அதற்காக வெள்ளை வண்ணம் பூசிய ஒரு மரப்பெட்டி, நான்கு கால்களில், ஏறக்குறைய நெஞ்சு உயரத்தில் நிற்கிறது. சுற்றிலும் சாய்ந்த மரச்சட்டங்கள்: காற்று நுழையும், வெயில் நுழையாது. கதவு வடக்கு பார்த்திருக்கும், திறக்கும்போதும் வெயில் விழாதபடி. தாமஸ் ஸ்டீவன்சன் என்ற பொறியாளர் வடிவமைத்த பெட்டி இது. சாலையோரப் பலகையிலும் காரிலும் 43, 44 என்று பார்த்துவிட்டு, மறுநாள் செய்தித்தாளில் 39 என்று படித்து ஏமாந்தவர்களுக்கு இதுதான் விடை. தார்ச்சாலைச் சூடும் பெட்டிக்குள் இருக்கும் காற்றும் ஒன்றல்ல.

பெட்டிக்குள் படுக்கவைத்த இரண்டு வெப்பமானிகளைப் பாருங்கள். ஒன்றில் பாதரசம், அதன் குமிழுக்கு அருகே குழாய் சற்றே நெரிக்கப்பட்டிருக்கும். சூடேறும்போது பாதரசம் நெருக்கிக்கொண்டு வெளியேறிவிடும். குளிரும்போது அந்த இடத்தில் அறுந்து, போன இடத்திலேயே நிற்கும். காய்ச்சல் பார்க்கும் பழைய தெர்மாமீட்டரின் அதே வேலை. பிற்பகலில் எட்டிய உச்சம் மாலை 5.30க்கு வந்து பார்ப்பவருக்காகக் காத்திருக்கும். மற்றொன்றில் ஆல்கஹால், அதற்குள் சிறு கண்ணாடி ஊசி. இரவில் ஆல்கஹால் சுருங்கும்போது அதன் விளிம்பு ஊசியை இழுத்துக்கொண்டு போகும். விடிந்து சூடேறும்போது ஊசியை விட்டுவிட்டுத் திரவம் மட்டும் நகரும். ஊசி கிடக்கும் இடம்தான் அந்த இரவின் மிகக் குறைந்த வெப்பம். பார்த்து எழுதியதும் முதலாவதை வீசி உதற வேண்டும், இரண்டாவதைச் சாய்த்துச் சரிசெய்ய வேண்டும். தானியங்கிக் கருவிகள் பெருகிவிட்டன என்றாலும் நம் பழைய பதிவுகளெல்லாம் இந்தக் கைகளால் வந்தவை.

இனி ஏப்ரல் 14க்கு "இயல்பு" எவ்வளவு என்று எப்படிச் சொல்கிறார்கள்? முப்பது ஆண்டுகளின் சராசரி. இப்போது 1991 முதல் 2020 வரை. வெப்பத்துக்கு இது நன்றாகப் பொருந்தும், அதுவும் முன்பின் நாட்களைச் சேர்த்துச் சமன்செய்தால். ஒற்றை நாளின் மழைக்குப் பொருந்தாது. 29 சித்திரை முதல் நாட்கள் வறண்டும், ஒன்றில் மட்டும் 60 மி.மீ. பெய்தும் இருந்தால், சராசரி 2 மி.மீ. அந்த 2 மி.மீ. எந்த ஆண்டும் பெய்ததே இல்லை. கோடை மழை அப்படிப்பட்டது: பல்லடத்தில் கொட்டும், பக்கத்து ஊரில் புழுதி பறக்கும்.

இயல்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சமவெளியில் 40 டிகிரி செல்சியஸை எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால் வெப்ப அலை. பத்தாண்டுக்கு ஒருமுறை இயல்பைப் புதுப்பிக்கிறார்கள். புது இயல்பு உயர்ந்திருந்தால், அதே சூடு குறைந்த விலகலாகத் தெரியும். நம் உடலுக்கு அந்தச் சலுகை கிடையாது.

உண்மையில் என்னை மிகவும் ஈர்ப்பது "வரலாறு காணாத வெயில்" என்ற தலைப்பின் பின்னால் இருக்கும் கணக்கு. நூறு ஆண்டுகளின் சித்திரை முதல் நாட்களை வரிசையில் நிறுத்துங்கள். தட்பவெப்பம் மாறவே இல்லை என்று கொண்டால், அந்த நூறில் மிகச் சூடானது எதுவாகவும் இருக்கலாம். கடைசியாக வந்ததே அதுவாக இருக்க நூற்றில் ஒரு வாய்ப்புத்தான். முதல் ஆண்டு பிறந்தபோதே சாதனை. இரண்டாம் ஆண்டு அதை முறியடிக்க இரண்டில் ஒரு வாய்ப்பு, மூன்றாம் ஆண்டுக்கு மூன்றில் ஒன்று. இப்படி நூறு வரை கூட்டினால் ஐந்தைச் சற்றே தாண்டும். ஒரு தேதியில் நூறு ஆண்டுகளில் ஏறத்தாழ ஐந்து சாதனைகள், அதுவும் பெரும்பாலும் தொடக்கத்திலேயே.

இதை ஆண்டின் 365 தேதிகளுக்கும் விரியுங்கள். நூறு ஆண்டுப் பதிவுள்ள நிலையத்தில் ஓராண்டில் மூன்று நான்கு நாட்கள் புதுச் சாதனை படைப்பது இயற்கை. இருபது ஆண்டுப் பதிவு மட்டுமே உள்ள நிலையத்தில் பதினெட்டு நாட்கள்! ஆகவே தலைப்பைப் படித்ததும் கேட்க வேண்டியது, "எத்தனை ஆண்டு வரலாறு?" என்பதுதான். 1906இல் சைதாப்பேட்டையிலிருந்து கோவைக்கு வந்த வேளாண் கல்லூரி போன்ற இடங்களில் தலைமுறைகளாக எழுதிவந்த ஏடுகளுக்கு இதனால்தான் இவ்வளவு மதிப்பு. இன்னொரு சோதனையும் உண்டு. மாறாத தட்பவெப்பத்தில் சூட்டுச் சாதனைகளும் குளிர்ச் சாதனைகளும் சம எண்ணிக்கையில் விழ வேண்டும். தராசு ஆண்டுக்கு ஆண்டு சூட்டின் பக்கமே சாய்ந்தால், அடித்தளமே உயர்கிறது என்று பொருள்.

அது உயர்வது தட்பவெப்பம் மாறுவதாலா, ஊர் வளர்வதாலா என்று பிரித்தறிவது கடினமான வேலை. கோவையின் அதிகாரபூர்வ எண்கள் பீளமேட்டிலிருந்து வருகின்றன. பஞ்சாலைகளும் சோளக்காடுகளும் சூழ்ந்திருந்த அந்தப் பக்கம் இன்று கான்கிரீட்டாகிவிட்டது. கான்கிரீட் பகலில் வாங்கிய சூட்டை இரவில் திருப்பித் தருகிறது. அதனால் ஊரின் வளர்ச்சி முதலில் தெரிவது இரவு வெப்பத்தில்தான். இதைப் பிரித்தெடுக்க, சூழல் மாறாத பக்கத்து நிலையங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் ஒப்பிடும்போது உயரத்தையும் கழிக்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் ஏறினால் காற்று சுமார் 6.5 டிகிரி குளிரும். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர். ஈரோடு 200க்கும் கீழே. இதுவே ஒன்றரை டிகிரி வேறுபாடு. மேலும் பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் அரபிக்கடல் காற்று கோவையின் மாலைகளைத் தணிக்கிறது. ஈரோட்டையும் கரூரையும் அடைவதற்குள் அது களைத்துவிடுகிறது. 2024 கோடையில் ஈரோடு 42 டிகிரியைத் திரும்பத் திரும்பத் தாண்டியதை இந்தப் பின்னணியோடு படிக்க வேண்டும்.

அம்மாயியின் மழைக்கு வருகிறேன். பதிவேட்டில் 0.0 என்று எழுதுவதும் கட்டத்தை வெறுமையாக விடுவதும் ஒன்றல்ல. 0.0 என்றால் ஒருவர் போய்ப் பார்த்தார், மழை இல்லை. வெறுமை என்றால் யாரும் பார்க்கவில்லை. ஒரு நாள் போகத் தவறினால், மறுநாள் குப்பியில் இரண்டு நாள் தண்ணீர் கலந்து நிற்கும். எது எந்த நாளுடையது என்று பிறகு எவராலும் பிரிக்க முடியாது. தமிழ்ப் புத்தாண்டு அரசு விடுமுறை. அந்த 14ஆம் தேதி காலை, கனி கண்டு முடித்த ஊரில், யாரோ ஒருவர் கம்பிவேலியைத் திறந்து உள்ளே போய், குப்பியைக் குவளையில் கவிழ்த்து, குனிந்து நீர்மட்டத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். மை கலையாத, சாய்வான கையெழுத்து: 31.4.