இறைவாக்கினர்: மெசியாவுக்கு ஏன் இந்தப் பெயர்?

வன்னியில் ‘தீர்க்கதரிசி’ என்றதும் சனத்துக்கு நினைவு வருவது இனி நடக்கப்போவதைச் சொல்பவர்தான். சொல்லின் அமைப்பும் அப்படித்தான் இருக்கிறது. தீர்க்கம் என்றால் நீளம், தொலைவு. தரிசி என்றால் காண்பவர். வடமொழியிலிருந்து வந்த இந்தக் கூட்டுச்சொல்லுக்குத் தொலைவைக் காண்பவர் என்று பொருள். அரசியல் மேடைகளில் ஒரு தலைவரைத் தீர்க்கதரிசி என்று புகழ்வதும் இதே பொருளில்தான். பழைய தமிழ் விவிலியம் முழுவதும் இந்தச் சொல்தான் இருக்கிறது. எங்கள் ஊர்களில் மூத்தவர்கள் இன்றைக்கும் ‘ஏசாயா தீர்க்கதரிசி’ என்றுதான் சொல்வார்கள். புதிய மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் ‘இறைவாக்கினர்’ என்று இருக்கிறது.

ஆனால் இயேசு என்னும் மெசியாவைக் கடவுளின் இறைவாக்கினர் என்று கிறிஸ்தவர்கள் அறிக்கையிடும்போது, அவர் எதிர்காலம் பார்த்துச் சொன்னார் என்பது அதன் மையப் பொருளாக இருப்பதில்லை.

இந்த இரண்டு தமிழ்ச்சொற்களுக்கும் எபிரேய மூலச்சொல் ‘நாபி’. ‘அழை’, ‘பெயரிடு’ என்று பொருள்படும் ‘நபூ’ என்ற அக்காதிய வினைச்சொல்லின் உறவு இது. அதனால் ‘அழைக்கப்பட்டவர்’ என்று பொருள் கொள்பவர்கள் பலர். மன்னாரிலும் வவுனியாவிலும் எங்களோடு அயலில் வாழும் முஸ்லிம்கள் சொல்லும் ‘நபி’ இதற்கு உடன்பிறப்பான அரபுச் சொல். அவர்களும் ஈஸா நபியை, அதாவது இயேசுவை, மஸீஹ் (மெசியா) என்றே அழைக்கிறார்கள்.

சொல்லின் வேரைவிட, விவிலியம் அதைப் புழங்கும் விதத்தில்தான் விளக்கம் கிடைக்கிறது. தனக்குப் பேச வராது என்று மோசே தயங்குகிறார். அவருடைய அண்ணன் ஆரோனைக் காட்டி, அவன் உனக்கு வாயாக இருப்பான் என்கிறார் கடவுள் (விடுதலைப் பயணம் 4:16). சில பக்கங்கள் கழித்து, ஏழாம் அதிகாரத்தில், அதே ஆரோனை ‘உன் நாபி’ என்கிறார். ஆக, நாபி என்றால் இன்னொருவருடைய வாய். ஆரோன் பார்வோனுக்குப் பலன் பார்த்துச் சொல்லப் போகவில்லை. என் மக்களைப் போகவிடு என்ற கட்டளையைக் கொண்டு போனார்.

அப்படியானால் தொலைவைக் காண்பவர்? அவருக்கு எபிரேயத்தில் வேறு சொல் இருந்தது: ‘ரோஏ’. இதைப் புரிந்துகொள்ள வன்னிக்காரருக்கு அதிக விளக்கம் தேவைப்படாது. சவுலின் தகப்பனுடைய கழுதைகள் காணாமற்போகின்றன. பல இடங்களில் தேடிக் களைத்த பிறகு, இந்த ஊரில் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கேட்டுப் பார்ப்போம் என்கிறான் கூடப்போன வேலையாள். வெறுங்கையோடு எப்படிப் போவது என்று சவுல் யோசிக்க, என்னிடம் கால் செக்கேல் வெள்ளி இருக்கிறது என்கிறான். காட்டுக்குள் போன மாடு பட்டிக்குத் திரும்பாவிட்டால், வெற்றிலையும் காசும் கொண்டு குறி கேட்கப் போவது எங்களுக்கும் பழக்கம்தானே. சாமுவேல் முதல் நூல் அந்த இடத்திலேயே (9:9) ஒரு குறிப்பும் வைக்கிறது: இன்று நாபி எனப்படுபவர் முன்பு ரோஏ எனப்பட்டார் என்று. தீர்க்கதரிசி என்ற தமிழ்ச்சொல் பொருந்துவது இந்தப் பழைய ரோஏவுக்குத்தான்.

எபிரேயத்தைக் கிரேக்கத்துக்குக் கொண்டுபோனவர்கள் நாபிக்கு ‘புரொபேத்தேஸ்’ என்று போட்டார்கள். புரோ என்றால் முன். மீதிப் பகுதி, சொல்பவர். இந்த ‘முன்’ காலத்தால் முன்னும் ஆகலாம், ஆட்களுக்கு முன்னால் நிற்பதும் ஆகலாம். தமிழ் ‘முன்’னும் அப்படித்தான். சபைக்கு முன் நின்று ஒருவர் சார்பில் பேசுவது என்ற பொருளைப் பலர் மறந்து, முன்கூட்டிச் சொல்வதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

இது சொல்லாராய்ச்சியோடு முடிகிற விஷயம் என்று நான் நினைக்கவில்லை. 2009இல் போர் முடிந்த பிறகு, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தோடு சாத்திரியிடம் போன தாய்மார் வன்னியில் எத்தனையோ பேர். பிள்ளை எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வாய் திறக்காதபோது அவர்கள் வேறெங்கே போவார்கள்? அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தீர்க்கதரிசனக் கூட்டம் என்று நோட்டீஸ் அடித்து, கிறிஸ்துவின் பெயரால் அந்தத் தாய்மாருக்கு நாளும் திசையும் சொல்லி அனுப்புவதை என்னால் ஏற்க முடியாது. விவிலியத்தின் இறைவாக்கினர் செய்த வேலை வேறு. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைப் பறித்த ஆகாபு அரசனை, பறித்த அந்த நிலத்திலேயே போய்ச் சந்தித்துக் கேள்வி கேட்டார் எலியா. இராணுவம் பிடித்து வைத்திருந்த தங்கள் சொந்தக் காணிக்காக 2017இல் வீதியோரம் போராடி இருந்த கேப்பாப்புலவு மக்களுக்கு இந்தக் கதையின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி மெசியா. எபிரேய ‘மாஷியாக்’, கிரேக்கக் ‘கிறிஸ்தோஸ்’ இரண்டுக்கும் எண்ணெய் பூசப்பட்டவர், அதாவது அருள்பொழிவு பெற்றவர் என்று பொருள். அரசரையும் குருவையும் எண்ணெய் பூசி ஏற்படுத்தினார்கள். எலிசாவை இறைவாக்கினராக அருள்பொழிவு செய்யும்படி எலியாவுக்குக் கட்டளை வந்ததும் உண்டு (1 அரசர்கள் 19:16). மோசேயைப் போல ஓர் இறைவாக்கினரை எழுப்புவேன், என் சொற்களை அவர் வாயில் வைப்பேன் என்ற வாக்குறுதி இணைச்சட்டம் 18இல் இருக்கிறது. பேதுரு அதை எடுத்து இயேசுவைப் பற்றியே பேசுகிறார் (திருத்தூதர் பணிகள் 3:22). நாசரேத்து தொழுகைக்கூடத்தில் இயேசுவே எசாயாவின் ஏட்டை விரித்து, அருள்பொழிவு பெற்றது ஏழைகளுக்கு நற்செய்தி சொல்லவே என்று வாசிக்கிறார். கேட்டவர்கள் கடைசியில் அவரை மலையுச்சியிலிருந்து தள்ளிவிடப் பார்த்தார்கள்.

ஆனாலும் கிறிஸ்தவம் அவரை இறைவாக்கினருள் ஒருவர் என்பதோடு நிறுத்துவதில்லை. முந்தியவர்கள் ‘ஆண்டவர் கூறுவது இதுவே’ என்று தொடங்கினார்கள். இயேசு ‘நான் உங்களுக்குச் சொல்கிறேன்’ என்றார். மற்றவர்கள் வாக்கைக் கொண்டு வந்தார்கள். இவரோ அந்த வாக்காகவே இருந்தார் என்பது யோவான் நற்செய்தியின் முதல் வரியிலிருந்து வரும் நம்பிக்கை.

இங்கேதான் 1995இல் வெளிவந்த தமிழ் விவிலியப் பொது மொழிபெயர்ப்பின் ‘இறைவாக்கினர்’ என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கிறது. அதே மொழிபெயர்ப்பில் யோவான் நற்செய்தி, தொடக்கத்தில் ‘வாக்கு’ இருந்தது என்று தொடங்குகிறது. வாக்கினர் வாக்காகவே இருக்கிறார் என்று தமிழில் ஒரே சொல்லை வைத்துச் சொல்லிவிடலாம். எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் இந்த வசதி இல்லை. வாக்கு என்பதும் வடமொழி வேர்தான் என்று தனித்தமிழ் அன்பர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் வாக்குக் கொடுத்தல், வாக்குத் தவறுதல் என்று அது நம் நாக்கில் ஊறிவிட்டது. கோயிலில் கலை வந்து (சாமி வந்து) ஆடுபவர் சொல்லும் வாக்கோடு குழம்பலாம் என்பது நியாயமான பயம். அந்தக் குழப்பத்தை முன்னால் நிற்கும் ‘இறை’ ஓரளவு தடுக்கிறது. ‘இறைத்தூதர்’ சரிவராது. முஸ்லிம்கள் ரஸூலுக்கு அதைத்தான் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கும் வானதூதரை நினைவுபடுத்திவிடும்.

மற்ற சபைகளில் ‘தீர்க்கதரிசி’ என்று சொல்லும் சகோதரர்களைத் திருத்தப் போக வேண்டாம். பொருளைச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் போதும். எழுதும்போது ‘தீர்க்கதரிசனம் சொன்னார்’ என்பதற்கு ‘இறைவாக்கு உரைத்தார்’ என்று எழுதலாம். பெண்களுக்குத் தனி விகுதி தேவையில்லை. கோவிலில் குழந்தை இயேசுவைக் கண்டு, மீட்புக்காகக் காத்திருந்த எல்லாரிடமும் அவரைப் பற்றிப் பேசிய அன்னாவும் இறைவாக்கினர்தான்.