ஒன்றே முக்கால் கிராம்

எட்டு வயது, 25 கிலோ எடை. அப்படி ஒரு பிள்ளையின் உடம்பில் ஓடும் ரத்தம் ஏறத்தாழ 1.9 லிட்டர். அதில் கரைந்திருக்கும் சீனியை மொத்தமாகப் பிரித்தெடுத்தால் ஒன்றே முக்கால் கிராம் தேறும். அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு. பட்டர்வொர்த் மாமாக் கடையில் தட்டில் வந்து விழும் ஒரு ரொட்டி சானாயில் மாவுச்சத்து மட்டும் சுமார் 45 கிராம். செரித்த பிறகு அத்தனையும் சீனியாகி அந்த இரண்டு லிட்டர் ரத்தத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும். அப்படியும் நல்ல உடம்பில் சீனி அளவு 4க்குக் கீழே இறங்குவதோ 8ஐத் தாண்டுவதோ அபூர்வம். (நம் மலேசியாவில் மில்லிமோல் கணக்கு. தமிழ்நாட்டு உறவினர்கள் சொல்லும் எண் வேண்டுமென்றால் 18ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.)

இந்தக் காவல் வேலையைச் செய்பவை கணையத்தில் இருக்கும் பீட்டா செல்கள். சீனி செல்லுக்குள் புகுந்து எரிகிறது. எவ்வளவு எரிகிறதோ அதற்கேற்பச் செல்லின் சவ்வில் பொட்டாசியம் வெளியேறும் வழிகள் மூடுகின்றன, கால்சியம் நுழையும் வழிகள் திறக்கின்றன, பொட்டலம் கட்டித் தயாராக வைத்திருந்த இன்சுலின் வெளியே கொட்டுகிறது. எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். சுரந்த இன்சுலின் முதலில் கல்லீரலுக்குப் போகிறது, வேலையைப் பார்க்கிறது, ரத்தத்தில் ஐந்தாறு நிமிடத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடுகிறது. கொஞ்சம் கூடுதலாகச் சுரந்துவிட்டதா? சுரப்பதை நிறுத்தினால் போதும், அடுத்த கால் மணி நேரத்தில் சரியாகிவிடும்.

முதல் வகை நீரிழிவில், உடம்பின் நோய் எதிர்ப்புப் படையே இந்த பீட்டா செல்களை எதிரி என்று நினைத்து அழித்துவிடுகிறது. இதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு, மிட்டாய்க்கு இல்லை. அதன் பிறகு அந்த வேலை மொத்தமும் பெற்றோர் தலையில் விழுகிறது. சிரமம் ஊசி குத்துவதில் இல்லை, அதைப் பிள்ளைகள் சீக்கிரமே பழகிக்கொள்கிறார்கள். கைக்கு வந்த கருவி எப்போதும் தாமதமாகவே வேலை செய்யும், போட்டதைத் திரும்ப எடுக்கவும் முடியாது என்பதுதான் சிரமம்.

உணவுக்கு முன் போடும் வேக இன்சுலின் தோலுக்கடியில் கொழுப்பில் தேங்கி, அங்கிருந்து மெல்லக் கசிந்துதான் ரத்தத்தில் சேர வேண்டும். வேலை தொடங்கப் பத்திலிருந்து இருபது நிமிடம், உச்சம் தொட ஒன்றிரண்டு மணி நேரம், முழுதாக ஓய மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம். பெயர்தான் வேக இன்சுலின். பினாங்கு ஃபெர்ரியின் சுக்கானைப் பிடித்தவருக்குத் தெரியும், இப்போது திருப்பினால் கப்பல் அப்புறம்தான் திரும்பும், திரும்பத் தொடங்கிவிட்டால் சொன்ன இடத்தில் நிற்காது. பிள்ளையின் சீனியும் அப்படியே.

மாமாக் கடைக்கே வருவோம். பிள்ளைக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 20 யூனிட் இன்சுலின் போகிறது என்று வையுங்கள். 500, 100 இரண்டும் மருத்துவர்கள் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளும் எண்கள். 500ஐ அந்த 20ஆல் வகுத்தால் 25. அதாவது ஒரு யூனிட் 25 கிராம் மாவுச்சத்தைச் சமாளிக்கும். 100ஐ 20ஆல் வகுத்தால் 5. ஒரு யூனிட் சீனி அளவை 5 மில்லிமோல் இறக்கும். இவை தொடக்கக் கணக்குகள்தான், ஒவ்வொரு பிள்ளைக்கும் மருத்துவர் மாற்றி மாற்றிச் சரிசெய்வார். ரொட்டி 45 கிராம் என்றால் 1.8 யூனிட். இப்போது அளவு 9, வேண்டியது 6 என்றால் அந்த 3ஐ இறக்க 0.6. கூட்டினால் 2.4. அரை யூனிட் வரை திருகக்கூடிய இன்சுலின் ஊசிப் பேனா இருந்தால் 2.5. ஒரு மில்லியில் 100 யூனிட் இருப்பதால் இந்த 2.5 யூனிட் என்பது 0.025 மில்லி, ஒரு சொட்டில் பாதி. அம்மா இதையெல்லாம் மேசைக்கடியில் பேனாவைத் திருகிக்கொண்டே மனக்கணக்காகப் போடுகிறார். சாயங்காலம் பந்து விளையாடப் போவான் என்றால் அதிலும் கொஞ்சம் கழிக்க வேண்டும்.

ஊசி போட்டாயிற்று. சாப்பிடுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் போட்டால்தான் இன்சுலினும் சீனியும் ஒன்றாகப் போய்ச் சேரும். ரொட்டி வருகிறது. பாதி தின்றுவிட்டு, “போதும்மா” என்கிறான் பையன்.

வேறு எந்தப் பிள்ளை சொன்னாலும் இது ஒரு விஷயமே இல்லை. இங்கே முழு ரொட்டிக்கான இன்சுலின் ஏற்கனவே உள்ளே போயாயிற்று. கெஞ்சிப் பார்த்துவிட்டு, கடைசியில் அம்மா சீனி போட்ட தே ஓ ஐஸ் வாங்கிக் கொடுக்கிறார். பக்கத்து மேசை ஆண்டி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்கிறார்: “ஏம்மா, இனிப்பு நீர் உள்ள பிள்ளைக்குச் சீனித் தண்ணியா குடுக்கிற?”

அந்த ஆண்டியைக் குறை சொல்ல மாட்டேன். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நம் வீடுகளில் இனிப்பு நீர் இல்லாத குடும்பத்தைத் தேட வேண்டும். ஆகவே எல்லாரிடமும் ஆலோசனை இருக்கிறது, அநேகமாக அத்தனையும் இரண்டாம் வகைக்கானது: சோற்றைக் குறை, நட, பாகற்காய்ச் சாறு குடி. இன்சுலின் சுரந்தும் சரிவர வேலை செய்யாத உடம்புக்கு உணவைக் குறைப்பதும் நடப்பதும் உண்மையிலேயே உதவும். இன்சுலினே சுரக்காத உடம்பில் பாகற்காய் எதைத் தூண்டிவிடும்? 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோவில் 14 வயது லெனர்ட் தாம்சனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடும் வரை இந்த வகைக்குப் பத்தியம் ஒன்றுதான் வைத்தியம். அந்தப் பத்தியத்தால் சில காலம் நீடிக்கலாம், பிழைக்க முடியாது.

சரி, பையன் தே ஓ குடித்துவிட்டான், அளவு 7இல் நிற்கிறது என்று வீட்டுக்கு வந்தால் மூன்று மணி நேரம் கழித்து 13 காட்டுகிறது. ரொட்டி சானாயில் மாவு மட்டுமா இருக்கிறது? பிசையும்போதும் வீசும்போதும் கல்லில் போடும்போதும் எண்ணெயோ நெய்யோ சேர்கிறது. கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், சில மணி நேரத்துக்கு இன்சுலினின் வேகத்தையும் மட்டுப்படுத்தும். இன்சுலின் ஓயும் நேரத்தில்தான் மாவுச்சத்தின் மிச்சம் வந்து சேர்கிறது. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும் இதே கதை. வெறும் சோறும் ரசமும் சாப்பிட்டால் எதிர்பார்த்த நேரத்தில் ஏறி எதிர்பார்த்த நேரத்தில் இறங்கும்; ஆனால் எந்தப் பிள்ளை ரசத்துக்காகக் கடைக்குப் போக அடம்பிடிக்கும்?

இரவு தனிக் கவலை. சாயங்காலம் ஓடி விளையாடிய தசைகள் செலவழித்த சேமிப்பை இரவெல்லாம் ரத்தத்திலிருந்து எடுத்து நிரப்புகின்றன, இன்சுலினுக்கும் வழக்கத்தைவிட அதிகமாக வளைந்துகொடுக்கின்றன. சீனி இறங்கினால் காப்பாற்ற வேண்டியது குளூக்ககான், கல்லீரலிலிருந்து சீனியை வெளியே விடச் சொல்லும் கணையத்தின் இன்னொரு ஹார்மோன். முதல் வகையில் அந்த எச்சரிக்கையும் சில ஆண்டுகளில் செயலிழந்துவிடுகிறது. மிஞ்சியிருப்பது அட்ரினலின். நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாம் அதன் வேலைதான். தூக்கத்தில் அதுவும் மந்தம், பிள்ளை விழிப்பதே இல்லை. விடியற்காலையிலோ நேர்மாறாக, வளர்ச்சி ஹார்மோனும் கார்ட்டிசோலும் சேர்ந்து சீனியை மேலே தள்ளும்.

கையில் ஒட்டும் சென்சார் வந்தபின் இந்தக் காவல் எளிதாகியிருக்கிறது, தூக்கம் அதே அளவுக்குத் திரும்பிவிடவில்லை. சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கடியில் செல்களுக்கு நடுவே இருக்கும் நீரை அளக்கிறது. அது ரத்தத்தைவிட ஐந்து முதல் பதினைந்து நிமிடம் பின்தங்கி வரும். பிள்ளை அந்தக் கையின் மேலேயே படுத்துவிட்டால், அழுத்தத்தில் அந்த இடத்துக்கு ரத்தம் சரியாகப் போகாமல் எண் பொய்யாக விழும். அதிகாலை இரண்டே முக்காலுக்கு ஃபோன் அலறுகிறது: 3.1. உண்மையாகவே 3.1 என்றால் உடனே எழுப்பிச் சீனி கொடுக்க வேண்டும். பொய் என்றால், கொடுத்த சீனி காலையில் 15 ஆகி நிற்கும். அம்மா விளக்கைப் போடாமல் பிள்ளையை மறுபக்கம் புரட்டி, விரல் நுனியில் குத்தி, ஃபோன் வெளிச்சத்தில் பார்க்கிறார்: 6.2. இருபது நிமிடம் கழித்துச் சென்சாரும் ஏறி வருகிறது. பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. அம்மாவுக்குத் தூக்கம் போனது போனதுதான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளை வாந்தி எடுக்கிறது, ஒன்றும் சாப்பிடவில்லை, அதனால் இன்சுலின் வேண்டாம் என்று பாட்டி சொன்னால் கேட்காதீர்கள். காய்ச்சல் நேரத்தில் கல்லீரல் தானாகவே சீனியை வெளியே விடும். இன்சுலின் அறவே இல்லையென்றால் உடம்பு கொழுப்பை உடைத்துக் கீட்டோன் அமிலங்களை உண்டாக்கும், அந்த அமிலமே வாந்தியை வரவழைக்கும். அளவு எவ்வளவு என்பது மாறலாம், மருத்துவரைக் கேளுங்கள். அடியோடு நிறுத்தக் கூடாது. மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கி, வாயில் பழ வாடை அடித்தால் நேராக அவசரப் பிரிவுதான்.

சென்சாரும், உடம்பில் மாட்டிக்கொண்டு இன்சுலினைச் சொட்டவிடும் பம்பும் தாங்களே பேசிக்கொண்டு அளவைக் கூட்டிக் குறைக்கும் கருவிகள் இப்போது இருக்கின்றன. இரவு நேரத்தை அவை நன்றாகவே பார்த்துக்கொள்கின்றன. ஆனால் அவற்றுக்குள் இருப்பதும் அதே தாமதமான இன்சுலின்தான், ஆகவே ரொட்டி வருவதற்கு முன் 45 கிராம் என்று யாராவது அமுக்கியாக வேண்டும். பம்பில், நாள் முழுதும் மெல்ல வேலை செய்யும் நீண்ட நேர இன்சுலின் கிடையாது, வேக வகை மட்டுமே சொட்டிக்கொண்டிருக்கும். வயிற்றில் ஒட்டிய மெல்லிய குழாய் மடங்கினாலோ அடைத்துக்கொண்டாலோ சில மணி நேரத்துக்குள் கீட்டோன் ஏறிவிடும். அதனால் பம்ப் வைத்திருக்கும் வீட்டு ஃபிரிட்ஜிலும் இன்சுலின் பேனா ஒன்று இருக்கும், காலாவதித் தேதி பார்த்து மாற்றி வைத்தபடி.