ஏழாவது இடத்தில் ஏன் திணறுகிறது?

ஒகேனக்கல், கிருஷ்ணகிரி அணை, ராயக்கோட்டை, தீர்த்தமலை என்று ஒவ்வோர் இடமாகச் சொடுக்கிச் சுற்றிப் பார்க்கும் முப்பரிமாண நிரலை, பிரவுசரில் முப்பரிமாணக் காட்சி வரையும் நூலகமான த்ரீ.ஜேஎஸ்-இல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முதல் சில இடங்கள் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆறு, ஏழு இடம் தாண்டிவிட்டு அருவிக்குத் திரும்பினால், தண்ணீர் விட்டுவிட்டு விழும்.

நொடிக்கு 60 ஃபிரேம் (திரையில் வரையும் படம்) வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.67 மில்லிநொடிதான். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) எண்ணைவிட இந்த மில்லிநொடிக் கணக்கையே பாருங்கள். 60 எஃப்பிஎஸ் 50 ஆனால் கூடியிருப்பது 3.3 மில்லிநொடி, 30 எஃப்பிஎஸ் 25 ஆனால் 6.7. ஐந்து குறைந்ததுதான் பெரிய அடி.

வேகம் எப்போது குறைகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. தொடக்கத்திலிருந்தே மந்தமா? அப்படியானால் வேலை அதிகம். அணையோர மாந்தோப்பில் ஆயிரம் மரங்களைத் தனித்தனி மெஷ்ஷாக, அதாவது தனித்தனி முப்பரிமாணப் பொருளாக நட்டால் ஃபிரேமுக்கு ஆயிரம் டிரா கால் (கிராஃபிக்ஸ் கார்டுக்கு ‘இதை வரை’ என்று இடும் கட்டளை). ஒரே மரத்தின் நகல்கள் என்றால் த்ரீ.ஜேஎஸ்-இன் இன்ஸ்டன்ஸ்டு மெஷ் எல்லாவற்றையும் ஒரே டிரா காலில் வரைந்துவிடும். போகப்போக மந்தமானால் பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். பழைய வேகம் உடனே திரும்பினால் பெரும்பாலும் நினைவகக் கசிவு, அதாவது வேலை முடிந்தும் விடுவிக்காத நினைவகம். அப்போதும் திணறினால் சூட்டைச் சந்தேகியுங்கள்: சித்திரை வெயிலில் லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

கசிவின் கணக்கு எளிது. 2048-க்கு 2048 அளவுள்ள ஒரு டெக்ஸ்சர் (பொருளின் மேல் ஒட்டும் படம்), பிக்சலுக்கு 4 பைட் வீதம் 16 எம்பி. மிப்மேப் (தூரத்துக்கேற்பப் பயன்படும் அதே படத்தின் சிறிய நகல்கள்) சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்கு கூடி, ஏறக்குறைய 21.3. கோப்பு 500 கேபி ஜேபெக்காக இருந்தாலும் கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகத்தில் விரிந்துதான் உட்காரும். இடத்துக்கு 12 டெக்ஸ்சர் என்றால் 256 எம்பி. எட்டு இடங்களில் 2 ஜிபி கார்டு நிரம்பிவிடும். பிரவுசரும் தன் பங்கை எடுப்பதால் ஏழிலேயே முட்டும். பிறகு கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் சில டெக்ஸ்சர்களைக் கணினியின் ராமுக்குத் தள்ளும். அங்கிருந்து இழுத்து வரும் வழி, கார்டின் சொந்த நினைவகத்தைவிடப் பல மடங்கு குறுகல்.

பழைய இடத்தின் பொருளுக்குத்தான் சீன்.ரிமூவ் போட்டோமே என்றால், அது பொருளைக் காட்சியிலிருந்து கழற்றுவதோடு சரி. அது மறுபடி வேண்டுமா வேண்டாமா என்பது நூலகத்துக்குத் தெரியாது; ஆகவே கார்டில் உள்ளதை வைத்தே இருக்கும். அதை விடுவிக்கும் டிஸ்போஸை நாம்தான் அழைக்க வேண்டும், அதுவும் ஜியோமெட்ரிக்கு (வடிவம்), மெட்டீரியலுக்கு (மேற்பரப்பின் தன்மை), டெக்ஸ்சருக்கு என்று தனித்தனியாக. மெட்டீரியலை டிஸ்போஸ் செய்தால் அதிலுள்ள டெக்ஸ்சரும் போய்விடும் என்று நம்பித்தான் பலர் சறுக்குகிறார்கள்; போகாது. திரைக்குப் பதிலாகக் கார்டின் நினைவகத்தில் வரைந்து வைக்கும் ரெண்டர் டார்கெட்டுகளையும் மறக்க வேண்டாம். பல இடங்களுக்குப் பொதுவான பாறை டெக்ஸ்சரை மட்டும் விட்டுவையுங்கள். அழித்தால் அடுத்த இடத்தில் மறுபடி ஏற்றும்போது ஒரு குலுக்கல் தெரியும்.

சரிபார்க்க, ரெண்டரர்.இன்ஃபோ.மெமரியில் டெக்ஸ்சர், ஜியோமெட்ரி எண்ணிக்கைகளைக் குறித்துக்கொண்டு, தீர்த்தமலைக்குப் போய் ஒகேனக்கல்லுக்குத் திரும்புங்கள். நாலைந்து முறை போய்வந்தும் எண் அதே இடத்தில் நின்றால் சுத்தம். எண் நின்றும் மில்லிநொடி ஏறிக்கொண்டே போனால், ஒவ்வோர் இடமும் ஃபிரேமுக்கு ஒரு முறை ஓடும் அனிமேஷன் சுழலைப் புதிதாகத் தொடங்கி, பழையதை நிறுத்தாமல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். சுழலை நிறுத்தும் கேன்சல் அனிமேஷன் ஃபிரேம் அழைப்பு அங்கேதான் விடுபட்டிருக்கும்.