கப்பலைத் தேர்ந்தெடுக்கும் முன் கடலைப் பாருங்கள்

'ஐகான் ஆஃப் த சீஸ்' என்ற உல்லாசக் கப்பல் அமெரிக்காவின் மயாமியில் கிளம்பி, கரீபியன் தீவுகளைச் சுற்றிவிட்டு மயாமிக்கே திரும்பும். 'குயின் மேரி 2' என்ற கப்பல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ஏற்றி நியூயார்க்கில் இறக்கிவிடும். இரண்டுமே பெரும்பாலும் ஏழு இரவுப் பயணம். விடுமுறைக்கு எதில் போகலாம் என்று தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது நீச்சல் குளம், நீர்ச்சறுக்கு, சாப்பாடு, கட்டணம். பார்க்க வேண்டியவைதான். ஆனால் அந்த ஏழு இரவும் நிம்மதியாகத் தூங்க முடியுமா, மூன்றாம் நாள் காலையில் இட்லியைப் பார்த்தாலும் குமட்டுமா என்பதையெல்லாம் முடிவு செய்கிற விவரங்கள் விளம்பரப் படங்களில் கிடைக்காது. கப்பலின் நீளம், அகலம், நீருக்குள் இறங்கியிருக்கும் ஆழம், வேகம் என்ற நாலைந்து எண்களில்தான் அவை இருக்கின்றன.

முதலில், எல்லோரும் பெருமையாகச் சொல்லும் 'கிராஸ் டன்னேஜ்'. ஐகானுக்கு அது 2,48,663. குயின் மேரிக்கு 1,49,215. ஐகான் இரண்டரை லட்சம் டன் எடை என்று செய்திகளில்கூட எழுதிவிடுகிறார்கள். இந்த எண்ணுக்கும் எடைக்கும் சம்பந்தமே கிடையாது. கப்பலுக்குள் மூடப்பட்ட இடம் மொத்தம் எத்தனை கன மீட்டர் என்று அளந்து, 1969ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை வகுத்த வாய்பாட்டில் போட்டால் வருகிற எண் இது. ஐகானின் எண்ணிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால், ஏறத்தாழ 7 லட்சத்து 80 ஆயிரம் கன மீட்டர் இடம் அதற்குள் இருக்கிறது என்று வருகிறது. குயின் மேரியின் உண்மையான எடை 80 ஆயிரம் டன்னுக்குள்தான்.

இட அளவு என்று புரிந்துகொண்டால் இந்த எண் உடனே பயன்படும். அதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், தலைக்கு எவ்வளவு இடம் என்று தெரியும். குயின் மேரியில் 2,691 பேர், வகுத்தால் 55. ஐகானில் அறைக்கு இருவர் என்று வைத்தால் 5,610 பேர், 44 வருகிறது. பள்ளி விடுமுறைக் காலத்தில் குழந்தைகளோடு குடும்பங்கள் வந்து எல்லாக் கட்டில்களும் நிரம்பினால் 7,600 பேர் வரை ஏறலாம். அப்போது 33. காலை உணவு வரிசையும் லிஃப்ட் வாசல் கூட்டமும் எப்படி இருக்கும் என்பதை இந்த ஒரு வகுத்தலே சொல்லிவிடும். ஒன்றை மட்டும் கவனத்தில் வைக்க வேண்டும். திறந்த வெளி இந்தக் கணக்கில் சேராது. ஐகானின் பெரிய கவர்ச்சிகள் வானம் பார்த்த தளங்களில் இருப்பதால், 44 என்ற எண் அதற்குக் கொஞ்சம் அநியாயம் செய்கிறது.

இனி கடலுக்கு வருவோம். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே உள்ள தூரமே அலைநீளம். ஆழ்கடலில் அதைக் கணக்கிடுவது எளிது: இரண்டு முகடுகள் ஓரிடத்தைக் கடக்க எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்து, அதன் வர்க்கத்தை 1.56-ஆல் பெருக்கினால் மீட்டரில் விடை வரும். கரீபியனில் வழக்கமாக வீசும் வணிகக் காற்று எழுப்பும் அலைகளுக்கு ஆறு, ஏழு வினாடி என்று வைத்துக்கொண்டால், நீளம் 56 முதல் 76 மீட்டர். ஐகானின் நீளமோ 365 மீட்டர். ஒரே நேரத்தில் ஐந்தாறு முகடுகள் அதன் அடியில் இருக்கின்றன. ஒன்று தூக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்று பள்ளமாக இருப்பதால் இழுப்பும் தள்ளலும் பெரும்பாலும் ஒன்றையொன்று தின்றுவிடும். கப்பல் அசைவதே தெரியாது.

வட அட்லாண்டிக்கின் குளிர்காலம் வேறு உலகம். புயல்கள் பெருந்தொலைவுக்குத் தள்ளிக்கொண்டு வரும் அலைகள் 12, 13 வினாடிக்கு ஒன்றாக வரும். அலைநீளம் 225 முதல் 264 மீட்டர். இப்போது முகடு முன்முனையைத் தூக்கும்போது நடுப்பகுதி பள்ளத்தின் மேல் இருக்கிறது. குயின் மேரி 345 மீட்டர் நீளம் இருந்தும் முன்பின்னாக ஆடத்தான் செய்யும். அதைவிடக் குட்டையான கப்பல் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் கப்பலின் வேகமும் திசையும் சேர்ந்துகொள்கின்றன. பத்து வினாடி அலை ஒன்று வினாடிக்கு 15.6 மீட்டர் வேகத்தில் எதிரே வருகிறது. கப்பல் 20 நாட், அதாவது வினாடிக்கு 10.3 மீட்டர் வேகத்தில் அதை நோக்கிப் போகிறது. இரண்டும் சேர்வதால் முகடுகள் ஆறு வினாடிக்கு ஒன்றாக மோதும். இதே அலை பின்னாலிருந்து வந்தால், கப்பலை அது எட்டிப் பிடிக்க வேண்டும். முகடுக்கு முகடு ஏறத்தாழ அரை நிமிடம் ஆகிவிடும். ஆறு வினாடி என்பது மிக மோசமான எண். மனிதர்களை மேலும் கீழுமாக ஆட்டிப் பார்த்த 1970களின் சோதனைகளில், ஐந்தாறு வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அசைவுதான் அதிகம் பேருக்குக் குமட்டலை வரவழைத்தது. அதைவிட வேகமான குலுக்கலும், மிக மெதுவான ஏற்ற இறக்கமும் அவ்வளவு படுத்துவதில்லை. உள்காது 'நகர்கிறோம்' என்கிறது. கண்முன்னால் இருக்கும் அறைச் சுவரோ 'நிற்கிறோம்' என்கிறது. இந்த முரண்பாடுதான் வயிற்றைப் பிரட்டுகிறது. மேல்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பார்த்தால் பலருக்குச் சரியாகிவிடுவது இதனால்தான்.

அட்லாண்டிக்கின் அந்தப் பகுதியில் மேற்கிலிருந்துதான் பெரும்பாலும் காற்று வீசும். ஆகவே சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க் போகும்போது அலைகளை எதிர்கொள்ளும் வாய்ப்பு அதிகம். அங்கிருந்து திரும்பும்போது அலைகள் பின்னால் வரும் வாய்ப்பு அதிகம். கடல் நோய்க்குப் பயப்படுகிறவர்கள் பயணத் திசையைக் கேட்பதே இல்லை என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான்.

ஐகானின் படத்தைப் பார்க்கும் எவருக்கும் எழும் பயம் ஒன்று உண்டு: இருபது தளம் அடுக்கியிருக்கிறார்களே, கவிழாதா? கப்பல் ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கம் அதிக உடல் நீருக்குள் போகிறது. தண்ணீர் மேலே தள்ளும் விசையின் மையமும் அந்தப் பக்கமாக நகர்ந்து கப்பலை நிமிர்த்துகிறது. கப்பல் அகலமாக இருந்தால் இந்த மையம் அதிகம் நகரும், நிமிர்த்தும் விசையும் மளமளவென்று ஏறும். ஐகான் நீர்மட்டத்தில் 48 மீட்டருக்கு மேல் அகலம். குயின் மேரி 41 மீட்டர். எஞ்சின், எரிபொருள், தண்ணீர்த் தொட்டி என்று கனமானவை எல்லாம் அடியில் இருக்கின்றன.  மேல்தளங்களில் எடையைக் குறைக்கத்தான் பல கப்பல்களில் இரும்பை விட்டு அலுமினியத்துக்குப் போகிறார்கள்.

ஆனால் அளவுக்கு மீறி நிமிர்த்தும் விசை இருப்பதும் நல்லதில்லை. அடி கனத்த தஞ்சாவூர் பொம்மையைச் சாய்த்துவிட்டால் வெடுக்கென்று நிமிர்ந்து மறுபக்கம் போய்த் திரும்புமே, அப்படி ஒரு கப்பல் ஆடினால் உள்ளே நிற்பவர் விழுவார், மேசையில் இருக்கும் தட்டும் விழும். அதனால் வடிவமைப்பாளர்கள் ஈர்ப்பு மையத்தை வேண்டுமென்றே கொஞ்சம் உயரத்தில் விடுகிறார்கள். பெரிய பயணிகள் கப்பல் ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்து திரும்ப இருபது வினாடி அளவில் எடுத்துக்கொள்ளும். பாதுகாப்புக்குப் போதுமான விறைப்பும், உடம்புக்கு இதமான நிதானமும் சந்திக்கும் இடம் அது.

மிச்சமிருக்கும் பக்கவாட்டு ஆட்டத்தைச் சமநிலைத் துடுப்புகள் அடக்குகின்றன. நீருக்கு அடியில் இரு பக்கமும் விமான இறக்கைபோல நீட்டிக்கொண்டிருப்பவை இவை. சாய்வை உணர்கருவி கண்டுபிடித்ததும் ஒரு பக்கத் துடுப்பு மேலே தள்ளும்படியும், மறுபக்கத் துடுப்பு கீழே அழுத்தும்படியும் திரும்பும். குயின் மேரியில் இப்படி இரண்டு ஜோடி இருக்கின்றன. ஓடும் நீரில்தான் இவற்றுக்குச் சக்தி. அதுவும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; 20 நாட் வேகத்தில் கிடைப்பதில் கால்பங்குதான் 10 நாட்டில் கிடைக்கும், நங்கூரமிட்டு நின்றால் சுத்தமாக இல்லை. முன்பின் ஆட்டத்தை இவற்றால் அடக்க முடியாது. அதற்கு நீளமும் உடலின் வடிவமும்தான் மருந்து.

இந்த இடத்தில்தான் இரண்டு கப்பல்களும் அடியோடு பிரிகின்றன. பிரான்சின் சான் நசேரில் கட்டப்பட்டு 2004இல் ஓடத் தொடங்கிய குயின் மேரியை வடிவமைத்த ஸ்டீஃபன் பேய்ன், அதை அட்லாண்டிக்கைக் கடப்பதற்கென்றே வரைந்தார். நீருக்குள் இருக்கும் பகுதியின் நீளம், அகலம், ஆழத்துக்கு ஒரு செவ்வகப் பெட்டி செய்தால், அதில் 61 சதவீதத்தைத்தான் இதன் உடல் நிரப்புகிறது. வழக்கமான உல்லாசக் கப்பல்கள் இதைவிடப் பருத்தவை. முன்முனை மெலிந்து நீண்டிருப்பதால் அலையை முட்டாமல் பிளந்துகொண்டு போகும். முன்தளத்தில் ஏறிவரும் நீரைத் தடுக்க ஓர் அலைத் தடுப்புச் சுவர் நிற்கிறது. அங்கேயே கப்பலை உந்தும் விசிறிகளின் உதிரி இறக்கைகளைச் சிற்பங்கள்போல நட்டு வைத்திருக்கிறார்கள். உயிர்காப்புப் படகுகள் வழக்கத்தைவிட உயரத்தில், பெரிய அலை எட்டாத இடத்தில் தொங்குகின்றன. கீழ்த்தளங்களின் பால்கனிகள் வெளியே நீட்டிக்கொண்டில்லாமல், இரும்பு உடலிலேயே சன்னல் வெட்டியதுபோல உள்ளடங்கி இருக்கின்றன. அத்தனை உயரம்வரை கனமான இரும்புச் சுவரை ஏற்றியிருக்கிறார்கள். அதே அளவுள்ள உல்லாசக் கப்பலைவிட ஏறத்தாழ 40 சதவீதம் அதிக இரும்பு இதற்கு ஆனது. இப்படிக் கட்டினால் மெலிந்த முனைகளில் அறைகளை அடைக்க முடியாது. செலவு ஏறும், வருமானம் குறையும். வேகத்துக்கும் விலை உண்டு. ஒரே கப்பலை 22 நாட்டிலிருந்து 30 நாட்டுக்கு விரட்ட இரண்டரை மடங்கு சக்தி வேண்டும். குயின் மேரி அந்த 30-ஐத் தொடுவதற்காக டீசல் எஞ்சின்களோடு புகைபோக்கிக்கு அடியில் இரண்டு வாயுச் சுழலிகளையும் (கேஸ் டர்பைன்) வைத்திருக்கிறது.

பின்லாந்தின் துர்க்குவில் கட்டப்பட்டு 2024 ஜனவரியில் முதல் பயணம் போன ஐகானுக்கு இவை எதுவும் தேவையில்லை. தீவுத் துறைமுகங்களில் நுழைய ஆழம் குறைவாக, சுமார் 9 மீட்டர் இறங்கினால் போதும். 22 நாட் வேகத்தில் இரவெல்லாம் ஓடினால் காலையில் அடுத்த தீவு. பருத்த உடலும் அகலமும் சேர்ந்து ஆறு நீர்ச்சறுக்குகளையும் ஏழு குளங்களையும் தாங்குகின்றன. திரவ இயற்கை எரிவாயுவில் ஓடுவதால் கந்தகமும் கரியும் குறைவு என்பது உண்மை. ஆனால் இந்த வகை எஞ்சின்களில் எரியாமல் தப்பும் கொஞ்சம் மீத்தேன், இருபது ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்கு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எந்தக் கப்பலானாலும் அறை எங்கே என்பது பாதிச் சண்டையைத் தீர்த்துவிடும். முன்பின்னாக ஒரே ஒரு டிகிரி ஆடினால் போதும், நடுவிலிருந்து 150 மீட்டர் தள்ளி முன்முனையில் படுத்திருப்பவர் 2.6 மீட்டர் உயர்ந்து, அதே அளவு தாழ்வார். நடுவிலிருந்து பத்து மீட்டரில் இருப்பவருக்கு அது 17 சென்டிமீட்டர். பக்கவாட்டிலும் இதே கதைதான்: இரண்டு டிகிரி சாய்வில் 40 மீட்டர் உயரத்து அறை 1.4 மீட்டர் நகரும், 5 மீட்டர் உயரத்து அறை ஒரு சாண்கூட நகராது. அதிகப் பணம் கொடுத்து உச்சித் தளத்தின் முன்பக்கத்தில் அறை எடுப்பவர்கள், காட்சியோடு சேர்த்துக் கப்பலின் மிக மோசமான ஆட்டத்தையும் வாங்குகிறார்கள்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் ஐகானைத்தான் சொல்வேன். பள்ளி விடுமுறை உச்சத்தைத் தவிர்க்க முடிந்தால் இன்னும் நல்லது. கரீபியனில் புயல் பருவம் ஜூன் முதல் நவம்பர் வரை. அதிலும் ஆகஸ்ட், செப்டம்பரில் பதிவு செய்தால், புயலை விட்டு விலகிப் போகும் கப்பல் உங்கள் தீவை மாற்றிவிடலாம் என்பதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டும். கடலையே பார்க்க, படிக்க, தூங்கப் போகிறவர்களுக்குக் குயின் மேரிக்கு நிகரில்லை. கோடையில், நியூயார்க்கிலிருந்து கிழக்கு நோக்கி, 4, 5, 6ஆம் தளங்களில் நடுப்பகுதியில் உள்ளடங்கிய பால்கனி அறை கிடைத்தால் உடனே எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கே போகும்போது ஐந்து நாள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், அந்த நாள்கள் 23 மணி நேரமாகச் சுருங்கும். மேற்கே போனால் அந்த ஐந்து மணி நேரமும் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் அலை எதிரே வரும்.